பழைய டேப்பிலிருந்து சிடிக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1970களின் கடைசியில் பதிவான சிம்பொனி டேப் ஒன்று, ஓட்டினால் கிறீச்சிடுகிறது. ஹெட்டில், அதாவது டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் தலையில், பழுப்புப் பிசுக்கு அப்புகிறது. அவ்வளவுதானா?

பதில்: காப்பாற்றிவிடலாம். ஆனால் இனி ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள். அந்தப் பழுப்புத் தூளில்தான் இசை இருக்கிறது. ஹெட்டில் ஒட்டியது ஒட்டியதுதான். தூளைப் பிடித்து நிறுத்தும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை இழுத்துச் சிதைந்திருக்கிறது. 1970களின் நடுவிலிருந்து 80கள் வரை வந்த டேப்களில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 456 வகையில், இது சகஜம். இளஞ்சூடு காட்டினால் சரியாகும்: கால் அங்குல டேப்புக்கு 50 முதல் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், நடுவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். பழம் உலர்த்தும் மின்கருவியும் தனியாக ஒரு தெர்மாமீட்டரும் போதும். சமையல் ஓவன் வேண்டாம், அதன் சூடு ஏறி இறங்கும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. அதே அளவு நேரம் ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் கணினியில் பதிந்துவிடுங்கள். பிசுக்கு மறுபடி தலைகாட்டும்.

சூடு காட்டுமுன் சுருளை விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த டேப். 1950களின் டேப்களில் நிறைய உண்டு. அதைச் சூடாக்கினால் பாழாகிவிடும். வினிகர் வாடை அடித்தால் மற்றவற்றோடு வைக்காமல், அதை முதலில் பதியுங்கள்.

கேள்வி: வயலின்கள் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கின்றன. கணினியில் ஈக்வலைசர் வைத்துத் தூக்கலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதே வேண்டாம். முதலில் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அடுத்தது அசிமத், அதாவது டேப்பின் ஓட்டத்துக்கு, ஹெட்டின் முகத்திலுள்ள நுண்ணிய பிளவு சரியாகச் செங்குத்தாக நிற்பது. டேப்பின் தொடக்கத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலி இருந்தால் அதை வைத்துச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் இரு சானல்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, அசிமத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். வில் நரம்பில் உரசும் சத்தம் சட்டென்று முன்னால் வரும் இடம் ஒன்று உண்டு, அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் இது வேறுபடும். கோணப் பிசகில் தொலைந்த மேல்ஸ்தாயியை ஈக்வலைசரால் மீட்க முடியாது, இரைச்சல்தான் உயரும்.

இன்னொரு சந்தேகம்: பதியும்போதும் ஓட்டும்போதும் மேல், கீழ் ஒலிகளைச் சமன்செய்ய என்ஏபி, ஐஇசி என்று இரண்டு தரமுறைகள் உண்டு. நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் என்ஏபி முறையில் பதிந்த டேப்பை ஐஇசி அமைப்பில் ஓட்டினால் மேல்பகுதி சுமார் 3 டெசிபல் மங்கும், அடிப்பகுதி தடிக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு இயந்திரத்தின் சுவிட்சைப் பாருங்கள்.

கேள்வி: பியானோ தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே அதன் நிழல்போல் மெல்லிய ஒலி கேட்கிறதே?

பதில்: சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகளில், ஓர் அடுக்கின் காந்தப் பதிவு பக்கத்து அடுக்கில் ஒட்டிக்கொண்டதால் வருவது. பதியுமுன் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் சுற்றினால் ஓரளவு குறையும். மிச்சத்தை வெட்டிவிட்டு, அதே டேப்பில் வேறிடத்து அரங்க அமைதியை எடுத்து ஒட்டுங்கள். வெறும் டிஜிட்டல் மௌனத்தை வைத்தால் அரங்கின் கதவைச் சாத்தியதுபோல் காதில் இடிக்கும்.

கேள்வி: எத்தனை பிட்? இரைச்சலை எவ்வளவு நீக்கலாம்?

பதில்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். சிடிக்காக 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸாக மாற்றுவதும் டித்தர் (பிட் குறைப்பதால் வரும் சிதைவை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) சேர்ப்பதும் கடைசிப் படியில், ஒரே ஒருமுறை. இரைச்சல் நீக்கும் மென்பொருளில், நீக்கப்படுவதை மட்டும் தனியே கேட்கும் வசதி இருக்கும். அதில் வெறும் ‘உஸ்’ தவிர வயலினின் சாயல் துளி கேட்டாலும் அளவு மிஞ்சிவிட்டது. 3, 4 டெசிபலோடு நிறுத்துவதே நல்லது. மென்மையான இடங்களில் அரங்கின் காற்று அந்த ‘உஸ்’ஸோடு கலந்தே இருக்கிறது.

கேள்வி: நிறுத்தாமல் தொடரும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே சிடியில் இரண்டு நொடி வெட்டு விழுகிறது.

பதில்: முழுச் சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதி, டிராக் இடைவெளியைப் பூஜ்ஜியமாக்குங்கள்.