மிளகாய் இலை மேலே சுருள்கிறதா, கீழே சுருள்கிறதா?

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தையில் நட்ட எட்டு மிளகாய்ச் செடிகள் பங்குனி வரை நன்றாக இருந்தன. இப்போது சித்திரையில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது, பூவும் கொட்டுகிறது. வாரம் இரண்டு முறை காலை பத்து மணி வாக்கில் வேப்பெண்ணெய் அடிக்கிறேன், பஞ்சகவ்யமும் ஊற்றுகிறேன். கேட்கவில்லை. உரக்கடையில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்கள், அடிக்கப் பயமாக இருக்கிறது. செடிகளைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம். பாட்டிலையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் ஒரு செடியின் கொழுந்தைக் கையில் பிடித்து, இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். 'மிளகாய்க்கு இலைச்சுருட்டு' என்று கடையில் சொன்னால் ஏதோ ஒரு மருந்து கிடைத்துவிடும். ஆனால் இலை சுருளக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

இலையின் இரு ஓரமும் மேல்நோக்கி மடங்கி, ஓடம் போலக் குவிந்திருந்தால் அது இலைப்பேன். கொழுந்திலும் இலையின் அடிப்பக்கத்திலும் இருந்து சாற்றை உறிஞ்சும். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு கொழுந்தை இரண்டு தட்டு தட்டுங்கள். மஞ்சளாக, ஊசி முனை அளவில் ஏதாவது ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் இது வேகமாகப் பெருகும். சித்திரை மாதத்து மதுரை மொட்டை மாடிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பார்க்காமலே சொல்ல வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் இதுதான் இருக்கும் என்பேன்.

இலை ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்து வைத்தது போல இருந்து, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, இலை குறுகலாகித் தடித்திருந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். வெக்கையோடு ஈரப்பதமும் சேர்ந்தால்தான் இது அதிகம் வரும். அதனால் கோடை மழைக்குப் பிறகும், ஐப்பசி கார்த்திகையிலும் கவனம் தேவை. இது பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் சிலந்தி இனம். பூச்சிக்கென்று விற்கும் பல மருந்துகள் இதை ஒன்றும் செய்யாது. இதைத் தின்று வாழும் நல்ல உயிர்களைக் கொன்று, சிலந்தியைப் பெருகவிடுவதுதான் மிச்சம்.

மூன்றாவது நச்சுயிரி (வைரஸ்) நோய், வெள்ளை ஈ பரப்புவது. இலை சுருள்வதோடு சிறுத்து, நரம்பு வெளுத்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாகிக் கொத்துப் பிடித்து நிற்கும். செடியை அசைத்தால் வெள்ளைத் துகள் போல ஈக்கள் பறக்கும். இதற்கு மருந்து கிடையாது. எட்டில் ஏதாவது ஒன்று இப்படி இருந்தால் அதை மட்டும் ஒரு பையால் மூடிப் பிடுங்கி, கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அதில் காய்த்த பழத்திலிருந்து விதை எடுக்காதீர்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் மிச்ச ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

சரி, வேப்பெண்ணெய் ஏன் கேட்கவில்லை? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு எண்ணெய் அடித்தால் அடுத்த ஆறு மணி நேரம் இலை வெயிலில் வறுபடும். கொழுந்து கருகும், அதனாலும் இலை சுருளும். நோய் முற்றுகிறது என்று நினைத்து மறுபடி அடிப்பீர்கள். இனி வாரம் ஒரு முறை போதும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. ஐந்து மில்லி வேப்பெண்ணெயில் முதலில் ஒன்றிரண்டு மில்லி காதி சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் கலக்கி, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தண்ணீர் பால் போல வெளுக்க வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் அதை அடிக்காதீர்கள். இலையின் அடிப்பக்கம் நனையவில்லை என்றால் அடித்தும் பயனில்லை.

இலைப்பேனுக்கு இன்னொரு வைத்தியம் வெறும் தண்ணீர்தான். இரண்டு நாளைக்கு ஒரு முறை அதிகாலையில் இலைக்கு அடியிலிருந்து வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பாதிப் பேன் உதிர்ந்துவிடும். சிலந்தி என்று உறுதியானால் நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு இரண்டு கிராம், மாலையில். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். கொளுத்தும் நாட்களில் கந்தகமே வேண்டாம்.

எது செய்தாலும் ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. மருந்து கேட்டதா என்று பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடுத்து விடும் துளிரைப் பாருங்கள். மோசமாகச் சுருண்ட நுனிகளை நான்கு விரல் நீளம் கிள்ளி, பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். மிளகாய் ஒரு பருவத்தோடு முடிகிற செடி அல்ல. கவனித்தால் தொட்டியில் இரண்டு வருடம் கூட நிற்கும், வெட்டிவிட்டால் பக்கக் கிளை விட்டு மறுபடி காய்க்கும்.

பூ உதிர்வதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மிளகாயில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூச்சியே இல்லாத செடியிலும் பூ கொட்டும். மதுரையில் சித்திரை, வைகாசி முழுக்க இந்தக் கதைதான். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். செடி வைத்த பைகளையோ தொட்டிகளையோ தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காலை, மாலை இரு வேளையும் பையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். காய்ந்து கிடந்த பைக்கு மொத்தமாக ஊற்றினாலும் பூ உதிரும்.

உதிர்ந்த பூ ஒன்றைப் பிரித்தும் பாருங்கள். உள்ளே கருப்பாக நுண்ணிய பேன்கள் ஓடினால் அது வேறு இனம். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளை நாசம் செய்தது இதுதான். பூவுக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே அடிப்பது எளிதில் போய்ச் சேராது. பேன் பிடித்த பூக்களைப் பறித்து எறிந்து, நீல நிற ஒட்டும் அட்டை வையுங்கள்.

பஞ்சகவ்யத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அளவு முக்கியம். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. அதோடு மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் என்று அடுக்கிக்கொண்டே போனால் தழைச்சத்து கூடி, இலை கொழுகொழுவென்று வரும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அதுதான் விருந்து. செடி தேறும்வரை உரத்தை நிறுத்திவையுங்கள்.

அந்தப் பாட்டிலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப் பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. சிவப்போ மஞ்சளோ இருந்தால் குழந்தைகள் ஓடியாடும், துணி காயும் மாடிக்கு அது ஆகாது, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீலம், பச்சை என்றாலும் அடித்ததற்கும் காய் பறிப்பதற்கும் எத்தனை நாள் இடைவெளி என்று லேபிளில் இருக்கும், அதைப் படிக்காமல் அடிக்கக் கூடாது. வாரம் இரண்டு முறை நாலு மிளகாய் பறித்துத் தாளிக்கிற வீட்டில் அந்த இடைவெளியைக் காப்பது கஷ்டம். எட்டுச் செடிக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து ஆடிப்பட்டத்துக்கு நடுவதாக இருந்தால் ஆனி பிறந்ததும் விதை போடுங்கள், 40 நாளில் நாற்று தயாராகும். அதுவரை நாற்றுத் தட்டை நெருங்கிய கண் கொண்ட நைலான் வலையால் மூடி வையுங்கள். நச்சுயிரி பெரும்பாலும் இந்த இளம் வயதில்தான் ஒட்டிக்கொள்கிறது. நர்சரியில் நாற்று வாங்கினால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.