அறிதுயிலில் உளறிவிடுவேனா?

கேள்வி: எரிச்சல் குடல் நோய்க்கு மாத்திரை பலிக்கவில்லை. ஹிப்னாடிசம் (அறிதுயில்) செய்யலாம் என்கிறார் வைத்தியர். தூக்கத்தில் சீட்டுக் கடனை உளறிவிட்டால்?
– கொழுந்து பறிக்கும் வாசகி, நோர்வூட்

பதில்: தங்கச்சி, அது தூக்கமே இல்லை. தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 1840களில் அந்தப் பெயரைப் பரப்பிய ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்டே பிற்பாடு அதை மாற்றப் பார்த்தார், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹட்டன் பஸ்ஸில் யோசனையில் மூழ்கி, இறங்கும் இடத்தைத் தவறவிட்டதுண்டா? (நான் இரண்டு முறை.) ஏறக்குறைய அந்த நிலைதான். தேசிக்காயைக் கடிப்பதாக நினைத்தாலே வாயூறுகிறதே, அந்த வழியில்தான் வயிற்றில் கைவைத்து இளஞ்சூடு பரவுவதாக நினைக்கச் சொல்வார்கள். குடலும் மூளையும் நரம்பு வழியே பேசிக்கொள்வதால் பலருக்கு வலி தணிகிறது, எல்லோருக்கும் அல்ல. கடன் கணக்கு உங்களிடமே பத்திரமாக இருக்கும். மலத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும் முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.