ஸ்பானிய எண்கள் நூறு வரை மனப்பாடம். ஆனாலும் யாராவது விலை சொன்னால் பிடிபடவில்லை, என்ன செய்வது?

நூறு வரை தடங்கல் இல்லாமல் சொல்ல வருகிறது, ஆனால் ஸ்பானியர் ஒருவர் வேகமாக ஒரு தொகையைச் சொன்னால் காதில் நிற்பதில்லை, ஆயிரத்துக்கு மேல் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: வரிசையாகச் சொல்லிப் பழகுவதை இன்றோடு நிறுத்துங்கள். உனோ, தோஸ், த்ரெஸ் என்று ஒப்பித்தே பழகியவருக்கு நாற்பத்தேழு வேண்டுமென்றால் நாற்பதிலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவர் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். எண்களைத் தாறுமாறான வரிசையில், காதால் கேட்டு, கையால் எழுதிப் பழக வேண்டும்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர். ஸ்பெயின், மெக்சிகோ பையர்களோடு, அதாவது துணி வாங்கும் நிறுவனத்தாரோடு, பேசுவது என் வேலை. பீஸ் எண்ணிக்கை, விலை, தேதி என்று நாள் முழுக்க எண்கள்தான். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை அதிகம். இலக்கணம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பையர் புரிந்துகொள்வார். எண் மாறினால் ஆர்டரே மாறிவிடும். (கீழே தமிழில் எழுதியிருக்கும் உச்சரிப்பெல்லாம் கிட்டத்தட்டத்தான். ஒலிப்பதிவு கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

அடிப்படைச் சொற்கள் ரொம்பக் குறைவு. ஒன்று முதல் பதினைந்து வரை தனித்தனிச் சொற்கள், அவற்றை அப்படியே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. பதினாறிலிருந்து சேர்த்துக் கட்டுவது தொடங்குகிறது. தியெசிசெயிஸ் என்றால் பத்தும் ஆறும். இருபதுகளும் இப்படி ஒட்டியே வரும்: பெயின்தியுனோ, பெயின்திதோஸ். பெயின்தே என்பதில் முதல் எழுத்து ஸ்பானியத்தில் 'வி', ஆனால் ஒலி 'பஸ்' என்பதில் வரும் ப. முப்பதிலிருந்து மூன்று சொல்லாகப் பிரிகிறது: த்ரெயின்தா இ உனோ. நடுவில் இருக்கும் 'இ' என்பது நம் 'உம்'. இந்த 'இ' பத்தாம் இடத்துக்கும் ஒன்றாம் இடத்துக்கும் நடுவில் மட்டும்தான் வரும். 205 என்பது தோஸ்சியென்தோஸ் சிங்கோ, நடுவில் எதுவும் இல்லை. 1,035 என்பது மில் த்ரெயின்தா இ சிங்கோ. நூறுக்குப் பின்னாலும் ஆயிரத்துக்குப் பின்னாலும் இந்த 'இ'யைப் போட நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

செசென்தா, செதென்தா இரண்டும் எல்லோரையும் குழப்பும். முன்னது அறுபது, பின்னது எழுபது. ஆறு என்பது செயிஸ், அதில் ஸ் இருக்கிறது, அதனால் செசென்தா. ஏழு என்பது சியெதே, அதில் த இருக்கிறது, அதனால் செதென்தா. இதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. ஸ்பானிய 'த' பல்லில் நாக்கு படும் நம் த போன்றதுதான், ஆங்கில ட இல்லை. தயங்காமல் தெளிவாக உச்சரிக்கலாம்.

நூறுகளுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான பாடங்கள் அவசரமாக ஓடிவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தமே உண்டு. சரியாக நூறு என்றால் சியென். அதற்கு மேல் நூற்றி ஒன்று, நூற்றி இருபது என்று போனால் சியென்தோ: சியென்தோ உனோ, சியென்தோ பெயின்தே. ஆனால் லட்சத்துக்குச் சியென் மில், அதில் தோ கிடையாது. இருநூறு முதல் தொள்ளாயிரம் வரை முன்னால் எண்ணும் பின்னால் சியென்தோஸும். இதில் மூன்று பேர் மட்டும் வழிக்கு வரமாட்டார்கள்: ஐந்நூறு கினியென்தோஸ், எழுநூறு செதேசியென்தோஸ், தொள்ளாயிரம் நோபேசியென்தோஸ்.

இந்த இருநூறு முதல் தொள்ளாயிரம் வரையிலான சொற்கள், பின்னால் வரும் பொருளின் பாலுக்கு ஏற்ப மாறும். பேன்ட் ஸ்பானியத்தில் ஆண்பால், டி-ஷர்ட் பெண்பால். 500 பேன்ட் வேண்டுமென்றால் கினியென்தோஸ் பன்தலோனெஸ். 500 டி-ஷர்ட் என்றால் கினியென்தாஸ் கமிசெதாஸ். நடுவில் ஆயிரம் வந்தாலும் விடாது: இரண்டு லட்சம் டி-ஷர்ட் என்றால் தோஸ்சியென்தாஸ் மில் கமிசெதாஸ். ஒன்றில் முடியும் எண்களும் மாறும். 21 டி-ஷர்ட் பெயின்தியுனா கமிசெதாஸ், 21 பேன்ட் பெயின்தியுன் பன்தலோனெஸ். ஆண்பால் பெயருக்கு முன்னால் உனோவின் கடைசி ஓ உதிர்ந்துவிடுகிறது, கவனியுங்கள். மற்றபடி தோஸ், த்ரெஸ், பத்துகள், சியென், மில் எதுவும் பாலுக்காக மாறாது. எண்ணைத் தனியாகப் படிக்காமல் ஒரு பொருளோடு சேர்த்தே சொல்லிப் பழகினால் இது தானாக வந்துவிடும். உங்கள் வேலையில் அடிக்கடி வரும் பொருள்களில் ஆண்பால் ஒன்று, பெண்பால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துக்கு மேல் நமக்கு எளிது. தமிழில் நூறு, ஆயிரம் என்று வெறுமனே சொல்கிறோம், லட்சத்துக்கும் கோடிக்கும் 'ஒரு' சேர்க்கிறோம். ஸ்பானியத்திலும் சியென், மில் தனியாக நிற்கும், மில்யோனுக்கு மட்டும் முன்னால் 'உன்' வரும். பத்து லட்சம் யூரோ என்றால் உன் மில்யோன் தே எவுரோஸ். அந்த 'தே'யை விடக் கூடாது. ஆனால் மில்யோனுக்குப் பின்னால் வேறு எண் தொடர்ந்தால் 'தே' போய்விடும்: பன்னிரண்டு லட்சம் என்றால் உன் மில்யோன் தோஸ்சியென்தோஸ் மில் எவுரோஸ்.

பெரிய தொகைகளில் ஆங்கிலத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஆங்கிலச் செய்தியில் வரும் பில்லியன் 100 கோடி. ஸ்பானியத்தில் அந்த 100 கோடிக்கு மில் மில்யோனெஸ், அதாவது ஆயிரம் மில்லியன். ஸ்பானியர் பில்யோன் என்று சொன்னால் அது லட்சம் கோடி, ஆயிரம் மடங்கு பெரிது. ஆங்கிலம் வழியாகப் போகாமல் நேராக நம் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: லட்சம் சியென் மில், கோடி தியெஸ் மில்யோனெஸ், லட்சம் கோடி உன் பில்யோன்.

எழுத்திலும் ஒரு எச்சரிக்கை. ஸ்பெயினில் இருந்து வரும் இன்வாய்ஸில் 1.250,50 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ ஐம்பது சென்ட். புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, காற்புள்ளி தசமம். மெக்சிகோவில் நம்மைப் போலவே 1,250.50 என்று எழுதுவார்கள். பேசும்போது 3,40 யூரோவை த்ரெஸ் கோன் குவாரென்தா என்பார்கள்.

ஆண்டை ஆங்கிலம் போல இரண்டு இரண்டாக உடைக்க மாட்டார்கள். பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் நடந்த 1992ஐ நம்மைப் போல முழுசாகவே சொல்வார்கள்: மில் நோபேசியென்தோஸ் நோபென்தா இ தோஸ். தேதிக்குச் சாதாரண எண் போதும். முதல், இரண்டாம், மூன்றாம் என்ற வரிசை எண்களைப் பத்து வரை கற்றால் அன்றாடப் பேச்சுக்குப் போதும். அதற்கு மேல் சாதாரண எண்தான். ஸ்பெயின் அரசர் பெயர்களிலேயே பாருங்கள், ஆறாம் பெலிப்பேயை பெலிப்பே செக்ஸ்தோ என்று வரிசை எண்ணில் சொல்கிறார்கள், பதின்மூன்றாம் அல்போன்சோ வெறும் அல்போன்சோ த்ரேசே ஆகிவிடுகிறார்.

சரி, காதுப் பயிற்சி. இதற்கு என் மனசுக்கு மிகவும் பிடித்த வழி ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி. ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று மத்ரித்தில் குலுக்கல் நடக்கும், தொலைக்காட்சியில் நேரலையாக வரும். சான் இல்தெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் ஐந்து இலக்க எண்ணையும் இன்னொருவர் அதற்கான பரிசுத் தொகையையும் ராகமாகப் பாடுவார்கள். பெரும்பாலான எண்களுக்கு மில் எவுரோஸ் என்ற பதிலே வரும், அது காதுக்கு ஓய்வு. மணிக்கணக்கில் இப்படியே ஓடும். பழைய குலுக்கல்களின் காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன. ஒவ்வொரு எண்ணையும் கேட்டு இலக்கத்தில் எழுதுங்கள், எண் திரையிலும் தெரியும் என்பதால் உடனே சரிபார்த்துவிடலாம். 2024இல் முதல் பரிசு 72480க்கு விழுந்தது: செதென்தா இ தோஸ் மில் குவாத்ரோசியென்தோஸ் ஓச்சென்தா. செதென்தாவும் 'இ'யும் நூறும் ஒரே எண்ணில் வந்துவிட்டன பாருங்கள். 2023இல் விழுந்த 88008 இன்னும் நல்ல பயிற்சி: ஓச்சென்தா இ ஓச்சோ மில் ஓச்சோ. நடுவில் இருக்கும் இரண்டு பூஜ்யங்களும் சத்தமே இல்லாமல் போய்விடுகின்றன. எழுதும்போது அவற்றை நாம்தான் போட வேண்டும்.

வாயைப் பழக்க, சாலையில் போகும் வண்டிகளின் நாலு இலக்க எண்களைச் சொல்லிப் பாருங்கள். 4715 கண்ணில் பட்டால் குவாத்ரோ மில் செதேசியென்தோஸ் கின்சே. வண்டி மறைவதற்குள் சொல்ல வந்துவிட்டால், அதே எண்ணிக்கையில் கமிசெதாஸ் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், செதேசியென்தாஸ் என்று மாற வேண்டும்.

அப்புறம் போன் நம்பர். ஸ்பெயினில் ஒன்பது இலக்கம். நாம் ஒவ்வொன்றாகச் சொல்வது போல அவர்கள் சொல்வதில்லை, முதல் மூன்றைச் சேர்த்தும் மிச்சத்தை இரண்டிரண்டாகவும் சொல்வது அங்கே சகஜம். 612 34 56 78 என்றால் செயிஸ்சியென்தோஸ் தோசே, த்ரெயின்தா இ குவாத்ரோ, சின்குவென்தா இ செயிஸ், செதென்தா இ ஓச்சோ. கேட்டதும் ஒவ்வொரு இலக்கமாக நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். செசென்தாவா செதென்தாவா என்று சந்தேகம் வந்தால் "செயிஸ் செரோ?" (ஆறு பூஜ்யமா?) என்று கேட்டால் போதும், அவர் ஆமாம் என்பார், இல்லையென்றால் "நோ, சியெதே செரோ" என்று திருத்துவார். நான் இன்றும் ஒவ்வொரு ஆர்டரிலும் இப்படிக் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறேன், எந்தப் பையரும் முகம் சுளித்ததில்லை.