ஊமத்தை விதையும் அம்மாவின் சோர்வும்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து ஒன்பது மாதமாகிறது. 66 வயதாகும் அம்மா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். முகப்பைத் தாண்டி வெளியே வருவதில்லை. விடியக்காலை நாலு மணிக்கே விழித்து, வளவில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. கால் எரிச்சலுக்காக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எடுக்கிறார், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும் உண்டு. ஊமத்தை விதையைச் சுத்தி செய்து கொடுத்தால் சித்தம் தெளியும் என்கிறார் பங்காளி வீட்டுப் பெரியப்பா. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபோலமைன் மனச்சோர்வைச் சில நாளிலேயே குறைத்ததாக ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றி நானும் படித்தேன். ஊருணிக் கரையெல்லாம் ஊமத்தைதான். அளவு தெரிந்தால் கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். இலை, பூ, விதை, சுத்தி செய்தது, செய்யாதது எதுவுமே வேண்டாம். நீங்கள் படித்த ஆய்வு உண்மையானது. அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

மூளையில் அசிட்டைல்கோலின் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் மிகுந்தால் மனம் சோர்கிறது என்ற கருத்தை டேவிட் ஜனோவ்ஸ்கியும் சகாக்களும் 1972-ல் முன்வைத்தார்கள். அசிட்டைல்கோலினைக் கூட்டும் ஃபைசோஸ்டிக்மைன் என்ற மருந்து மனத்தைச் சோர வைத்தது அதற்கு ஒரு சான்று. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். ஸ்கோபோலமைன் அதற்கு நேர் எதிராக, அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைக்கிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஃப்யூரியும் ட்ரெவெட்ஸும் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்க அதைக் கொடுத்தபோது, எதிர்பாராமல் நோயாளிகளின் மனநிலை தேறியது. பிறகு அதற்கென்றே ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். 18 பேர் முடித்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், நரம்பு வழியாக 15 நிமிடத்தில் ஏற்றினார்கள். மூன்று முறை மருந்து, மூன்று முறை வெறும் திரவம், இடையில் 3 முதல் 5 நாள். முதல் முறை ஏற்றிய பின் அடுத்த வருகையிலேயே மாற்றம் தெரிந்தது. மாத்திரையின் பலனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் நோயில் இது பெரிய செய்திதான்.

ஆனால் ஸ்கோபோலமைன் ஏறினால் நாக்கு உலரும், பார்வை மங்கும், தூக்கம் வரும். தனக்கு ஏறியது மருந்தா வெறும் திரவமா என்று நோயாளிக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் நம்பிக்கையும் சேர்ந்து வேலை செய்யும். தேறியது மருந்தாலா நம்பிக்கையாலா என்று பிரிக்க முடியாது. நியூசிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வெறும் திரவத்துக்குப் பதில் கிளைக்கோபைரோனியம் கொடுத்தார்கள். அதுவும் நாக்கை உலர்த்தும், ஆனால் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. இரு தரப்பினரும் தேறினார்கள். இடையே வித்தியாசம் தெரியவில்லை. பல மருந்துக்கும் கட்டுப்படாத சோர்வில் நடந்த ஒப்பீட்டிலும் பலன் வரவில்லை. கேள்வி இன்னும் மூடவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டத்தில் மட்டும் அது இல்லை.

இனி அளவு. 60 கிலோ உடலுக்கு அந்த ஆய்வில் போனது 240 மைக்ரோகிராம், கால் மில்லிகிராம்கூட இல்லை. ஊமத்தையில் ஸ்கோபோலமைனோடு ஹையோசயமின், அட்ரோபின் என்ற நச்சுகளும் கலந்திருக்கின்றன. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம், இலைக்கும் விதைக்கும் அளவு பல மடங்கு மாறும். சுத்தி முறை நச்சைக் குறைக்கவே ஏற்பட்டது. எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச் சாறு சேரும் மத்தன் தைலம் புண்ணுக்கு மேலே போடுவது. உன்மத்தம் என்ற சொல்தான் ஊமத்தை ஆனது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

வாய் வழியாகப் போனால் இன்னொரு ஆபத்து. குடலின் அசைவையே இந்த நச்சு மந்தமாக்குவதால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். அரை மணியில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு சிட்டிகை கொடுப்பார்கள், அங்கேதான் விபரீதம்.

உங்கள் அம்மாவுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அமிட்ரிப்டிலினும் அசிட்டைல்கோலினை அடைக்கும் மருந்துதான். அதன் மேல் ஊமத்தையும் சேர்ந்தால் சிறுநீர் கட்டும், மலம் இறுகும், புத்தி தடுமாறும். கண்ணில் கோணம் குறுகிய வகை அழுத்தமாக இருந்தால் ஒரே இரவில் பார்வை போகலாம். மருந்துக்கடையில் வயிற்றுவலிக்குக் கிடைக்கும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடையும் இதன் உறவு என்று வாங்கிவிடாதீர்கள். அது மூளைக்குள் போகாது; தொல்லை மட்டும் மிஞ்சும்.

யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால்: கண்மணி விரிந்து, முகம் சிவந்து, உடம்பு வியர்வையின்றிக் கொதித்து, இல்லாததைக் காற்றில் பிடிப்பது போலக் கை அலையும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, செடியில் ஒரு துண்டையும் கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடுமையான நிலையில் மருத்துவர்கள் நரம்பில் மெதுவாக ஏற்றும் முறிவு மருந்து, முன்பு சொன்ன அதே ஃபைசோஸ்டிக்மைன்.

நாலு மணி விழிப்பு, பாதிச் சாப்பாடு, முகப்பைத் தாண்டாமை, ஒன்பது மாதம். இவை வெறும் துக்கத்தின் கணக்கில் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. மருத்துவம் வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா மருந்துச் சீட்டையும் கண் சொட்டு உட்பட எடுத்துப் போங்கள். இந்த வயதில் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை என்றால் வழக்கமாக 5 மி.கி.-யில் தொடங்கி 10-க்கு மேல் போகமாட்டார்கள். அமிட்ரிப்டிலினோடு அதைச் சேர்ப்பதா, பழையதை நிறுத்துவதா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வாரம் குமட்டும், பலனோ இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத்தான் தெரியும். பலரும் இந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் சோடியம் இறங்கியிருக்கலாம். உடனே ரத்தம் பாருங்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

“இருந்து என்ன ஆகப்போகுது” என்பது போல அம்மா சொல்கிறாரா என்று கவனியுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றிரவு தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஊருணிக் கரை ஊமத்தையை வெட்டி எறியத் தேவையில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு 21 பச்சிலையில் அதுவும் ஒன்று. பறித்த கையோடு யாரும் அம்மாவுக்குக் கண் சொட்டு விட வேண்டாம். விரலில் ஒட்டிய சாறே கண்மணியை விரித்துவிடும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.