டைனமிக் வலைப்பக்கங்கள் உருவாக்க நிரல்மொழியில் எந்த அடிப்படைகளை முதலில் கற்க வேண்டும்?

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் ஓரளவு கைவந்துவிட்டன, இனி பார்ப்பவருக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும் பக்கங்களை எழுத வேண்டும், அதற்கு நிரல்மொழியில் எவற்றைக் கற்றால் போதும், எந்த மொழியை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்), நிபந்தனை (இப்படியானால் இதைச் செய் என்பது), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), அணி (பல மதிப்புகளின் தொகுப்பு), ஃபங்ஷன் (பெயரிட்டு வேண்டும்போது அழைக்கும் நிரல்துண்டு) என்ற ஐந்தையும் எந்தப் பாடநூலும் ஏறக்குறைய இதே வரிசையில் சொல்லித்தரும். அந்தப் பட்டியலில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நாம் எழுதும் நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதுதான் அது. அதை அறியாமலேயே ஐந்தையும் படித்து முடித்தவன் நான்.

அப்போது நான் எழுத நினைத்தது, பக்கத்துக்கு எத்தனை முறை வந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு சிறு எண்ணி. சர்வரில், அதாவது பக்கத்தை அனுப்பும் கணினியில், ஓடும் மொழியான பிஎச்பியில் ஒரு மாறியை எடுத்து, அதில் 0 என்று வைத்து, ஒன்றைக் கூட்டி, எக்கோ என்ற கட்டளை கொடுத்து அச்சிட்டேன். பக்கத்தைத் திறந்தால் 1 என்று வந்தது. மறுபடி ஏற்றினாலும் 1, இன்னொரு உலாவியில் திறந்தாலும் 1. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை என்பதால் எங்கே தேடுவது என்றே தெரியாமல், கூட்டல் வரியை விதவிதமாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கில் பிழையே இல்லை. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் அந்த நிரலை முதல் வரியிலிருந்து புதிதாக ஓட்டுகிறது. அது உருவாக்கும் எச்டிஎம்எல் உலாவிக்குப் போய்ச் சேர்ந்ததும் நிரல் முடிந்துவிடுகிறது, அதன் மாறிகளும் அதோடு அழிந்துவிடுகின்றன. அடுத்த வேண்டுகோளுக்குப் பிறப்பது வேறொரு மாறி, அதன் மதிப்பு மீண்டும் 0.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிஎச்பி என்பதே இப்படிப்பட்ட ஒரு கணக்கெடுப்பிலிருந்து முளைத்ததுதான்: 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் இணைய சுயவிவரப் பக்கத்துக்கு வருவோரைக் கவனிக்க சி மொழியில் எழுதிய சிறு நிரல்களின் தொகுப்பே அதன் தொடக்கம். என்னைப் போல மாறியில் வைத்துக் காத்திருக்காமல் அவர் வேறு வழி செய்திருப்பார் என்பது மட்டும் உறுதி.

நினைவில் நிற்க வேண்டிய எதையும் நிரலுக்கு வெளியே, அதாவது கோப்பிலோ தரவுத்தளத்திலோ, வைத்தாக வேண்டும். ஒரே ஆளைப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் காண வேண்டுமானால் செஷன் உதவும். ஓர் அடையாள எண் மட்டும் குக்கியாக (உலாவி சேமித்துவைக்கும் சிறு குறிப்பாக) உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும், தகவல் சர்வரிலேயே தங்கியிருக்கும். என் எண்ணியைச் செஷனில் வைத்திருந்தால் ஒருவர் எத்தனை முறை வந்தார் என்று தெரியுமே ஒழிய, மொத்த வருகை தெரிந்திருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதுவோருக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும்: அங்கே நிரல் தொடர்ந்து ஓடிக்கொண்டேயிருப்பதால், ஃபங்ஷனுக்கு வெளியே அறிவித்த மாறி எல்லா வருகையாளருக்கும் பொதுவாகிவிடுகிறது. அதில் உள்நுழைந்தவரின் பெயரை வைத்தால், ஒருவரின் பெயர் இன்னொருவரின் பக்கத்தில் தோன்றும்.

உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தனி. பொத்தானை அழுத்தியதும் பட்டியலை விரிப்பது, படிவத்தில் விடுபட்ட இடத்தை உடனே காட்டுவது போன்றவற்றை அது செய்யும். ஆனால் அந்த நிரல் பயனரின் கையில் இருப்பது. விரும்பினால் அவர் அதை நிறுத்திவிட்டோ மாற்றிவிட்டோ நேரடியாகச் சர்வருக்கு எதையும் அனுப்பலாம். எனவே உலாவியில் செய்த சரிபார்ப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சர்வரில் அதை மீண்டும் செய்தே ஆக வேண்டும்.

இனி அந்த ஐந்துக்கு வருகிறேன். மாறியைப் பற்றிப் படிக்கும்போது தரவு வகையை மேலோட்டமாகத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் வழக்கமான படிவத்திலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பும் எழுத்துச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் தொடராகவே, வருகிறது. பயனர் 5 என்று தட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 5 என்ற எழுத்து. அதனுடன் 3 என்ற எண்ணைக் கூட்டினால் பிஎச்பி 8 என்று தரும், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 53 என்று தரும், பைத்தான் பிழை என்று சொல்லி நின்றுவிடும். மூன்றில் பைத்தானின் நடத்தையே கற்பவருக்கு நல்லது என்பது என் கருத்து. எந்த மொழியானாலும் மதிப்பு வந்தவுடன், அது எண்தானா என்று பார்த்து, எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகே கணக்குப் போடுங்கள்.

நிபந்தனையில் கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. பெட்டி நிரப்பப்பட்டதா என்று அறிய, மதிப்பை அப்படியே இஃப் வரியில் போடுவது வழக்கம். பிஎச்பியில் வெற்றுச் சரம் மட்டுமின்றி, 0 என்ற ஒற்றை எழுத்துள்ள சரமும் பொய்யாகவே கொள்ளப்படும். ஜாவாஸ்கிரிப்டில் அதே சரம் மெய். எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்கு ஒருவர் 0 என்று நேர்மையாகப் பதில் எழுதினால், பிஎச்பி நிரல் அவரை இந்த இடத்தை நிரப்புங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். மதிப்பை வெற்றுச் சரத்தோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இது தீரும். இன்னொன்று: நிரப்பாமல் விட்ட உரைப்பெட்டி வெற்றுச் சரமாகச் சர்வருக்கு வந்து சேரும், ஆனால் குறியிடாத தேர்வுப்பெட்டி வரவே வராது.

தமிழில் எழுதுவோர் சரங்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறையான யூனிகோடில் ‘மி’யின் இகரக் குறியும் ‘ழ்’ இன் புள்ளியும் தனிக் குறிகள் என்பதால் அது ஐந்து. அவற்றைக் கணினியில் சேமிக்கும் வடிவமான யூடிஎஃப்-8இல் இந்த ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் என்பதால் மொத்தம் 15. நீளம் கேட்டால் பிஎச்பியின் ஸ்டர்லென் 15 என்றும் ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 5 என்றும் சொல்லும். தலைப்பை இத்தனை பைட்டுகள் என்று வெட்டி முகப்பில் காட்டினால், வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்து, கடைசியில் கேள்விக்குறி பொறித்த கறுப்புக் கட்டம் நிற்கும். பிஎச்பியில் எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் இதற்காகவே உள்ளன. ஆனால் அவையும் ஐந்து என்றுதான் எண்ணும், ஆகவே புள்ளி கழன்ற மெய்யெழுத்து அப்போதும் வரக்கூடும்.

அணியும் லூப்பும் சேர்ந்தே பயன்படும். தரவுத்தளத்திலிருந்து வரும் வரிசைகள் ஓர் அணியாகக் கிடைக்கும், ஃபார்ஈச் என்ற லூப் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அட்டவணையின் வரிகளாக அச்சிடும். வலைப்பக்க வேலையில் பெரும்பகுதி இதுவே. அணி காலியாக இருக்கும்போது என்ன காட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஃபங்ஷனின் தேவையை எனக்கு உணர்த்தியது பாதுகாப்புதான். பயனர் தந்த உரையை அப்படியே பக்கத்தில் அச்சிட்டால், அதிலுள்ள கூர் அடைப்புக்குறிகளை உலாவி எச்டிஎம்எல்லாகவே படிக்கும். அவர் அங்கே ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் மற்றவர் உலாவியில் அது ஓடும். சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றித் தரும் ஃபங்ஷன் பிஎச்பியிலேயே உண்டு. அதைச் சுருக்கமான பெயரில் ஒரு சிறு ஃபங்ஷனாகப் பொதிந்து, அச்சிடும் இடங்களிலெல்லாம் அழைத்தால் மறதிக்கு இடம் குறையும். தரவுத்தளத்துக்கு இடும் எஸ்கியூஎல் கட்டளையில் இந்த உத்தி பலிக்காது. அங்கே பயனரின் மதிப்பைச் சரத்தோடு ஒட்டாமல், இடக்குறி (மதிப்பு வர வேண்டிய இடத்தின் குறி) வைத்த முன்தயாரிப்புக் கட்டளையில் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒட்டி எழுதினால், பெயரில் ஒற்றை மேற்கோள் குறி உள்ள ஒருவர் வந்தாலே கட்டளை முறிந்துபோகும். தீய நோக்கத்தோடு வருபவர் அதே குறியால் உங்கள் கட்டளையின் பொருளையே மாற்றிவிடுவார்.

எந்த மொழி என்றும் கேட்டிருந்தீர்கள். எச்டிஎம்எல்லுக்குள்ளேயே நிரலைச் செருகி எழுதலாம் என்பதால், உங்கள் நிலையிலிருந்து பிஎச்பி மிக அருகில் இருக்கிறது. பைத்தானோ நோட் ஜேஎஸ்ஸோ எடுத்தாலும் பழுதில்லை. பெயரும் கருத்தும் எழுதும் படிவம், சேமிக்கும் தரவுத்தள அட்டவணை, கீழே கருத்துகளின் பட்டியல் என்று ஒரே பக்கம் எழுதுங்கள். பிறகு பெயர்ப் பெட்டியில் முதலில் எதுவும் எழுதாமல், அடுத்து 0, அடுத்து ஓர் ஒற்றை மேற்கோள் குறி, அடுத்து கூர் அடைப்புக்குறிகளுக்குள் ஒரு சொல், கடைசியாக நீளமான தமிழ் வாக்கியம் என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பட்டியல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.