பெரிய பற்றரி போட்டால் கரண்ட் பெருகுமா?

கேள்வி: கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். உரமூட்டையும் லீக்ஸ் கட்டும் ஏற்றுவதற்கு 125 சீசீ நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இருப்பது 7 அம்பியர்-மணி பற்றரி. மூடுபனிக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு போன் சார்ஜர், மருந்தடிக்க 12 வோல்ட் பம்ப் ஆகியவற்றைப் பூட்ட விரும்புகிறேன். 35 அம்பியர்-மணி கார் பற்றரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

லயத்துப் பீலியில் விரல் தடிப்புக்குத் தண்ணீர் விழுகிறது என்று வையுங்கள். கீழே குடத்தை வைத்தாலும் பீப்பாயை வைத்தாலும் விழுவது அதே தண்ணீர்தான். பற்றரி என்பது குடம், அம்பியர்-மணி அதன் கொள்ளளவு. பீலி இருப்பது இயந்திரத்தின் பக்க மூடிக்குள்: சுழலும் காந்தமும் அதனுள் கம்பிச் சுருளும். கராஜில் மெக்னட் கொயில் என்பார்கள். உங்களுடையது போன்ற சிறிய வண்டிகளில் அது நன்றாக முறுக்கி ஓடும்போதே நூறு வாட்டைச் சுற்றித்தான் கொடுக்கும். பலவற்றில் அதற்கும் குறைவு. வரப்போரம் நிறுத்திவிட்டு இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டால் இன்னும் சொற்பம்.

இப்போது உங்கள் செலவைப் பாருங்கள். முன்விளக்கு 35 வாட். புதிய விளக்குகள் தலா 18 என்றால் 36. சார்ஜர் 10. பம்ப் ஏறக்குறைய 50. பின்விளக்கையும் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பகுதியையும் சேர்க்காமலே 130 தாண்டிவிட்டது. வரவு நூறு, செலவு நூற்று முப்பது. இந்தக் கணக்கைக் கார் பற்றரி எப்படித் தீர்க்கும்? தீர்க்காது, தள்ளிப்போடும். சிலவற்றை அணைத்து இரண்டு அம்பியர் மிஞ்சினாலும், அதில் பாதி இறங்கிய 35 அம்பியர்-மணி பற்றரி நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அப்படி யார் ஓடுகிறார்கள்? அரைகுறையாகவே கிடக்கும் ஈயப் பற்றரி உள்ளே வெள்ளை படிந்து சில மாதங்களில் செத்துவிடும். போதாததற்கு, சரிவில் வண்டி சாயும்போது தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரி என்றால் அமிலம் வழிந்து சட்டத்தை அரிக்கும்.

கடைக்காரர் இதை அறியாதவர் என்று நான் நம்பவில்லை. பற்றரி விற்றால் அவருக்கு இலாபம், பூட்டினால் வயரிங் பாஸுக்குக் கூலி. ஆறு மாதத்தில் நீங்கள் திரும்பி வந்தால் இருவருக்கும் இன்னொரு முறை. பற்றரி சரிவரவில்லை என்றால் அடுத்ததாக ‘பவர் கூடிய ரெகுலேட்டர்’ காட்டுவார்கள். ரெகுலேட்டர் மின்சாரத்தை உண்டாக்காது, வருவதைக் கட்டுப்படுத்தும். அவ்வளவுதான். பழைய பற்றரிக்குப் புதுத் தாள் ஒட்டி விற்பதும் நடக்கிறது. உடலில் குத்தியிருக்கும் தயாரிப்புத் திகதியைப் பாருங்கள், தாளை அல்ல. விளக்குப் பெட்டியில் 120 வாட் என்று அச்சிட்டிருப்பதையும் நம்பாதீர்கள். அளந்தால் பல நேரம் அதில் மூன்றில் ஒன்றுதான் இழுக்கும். உங்களுக்கு அது நல்லதே, ஆனால் கொடுத்த விலை 120க்கு. கொயில் எத்தனை வாட் என்று எழுதிய ஒரு தாளாவது வண்டியோடு வர வேண்டாமா? 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தார்கள். வரியைப் பற்றிப் பேசிய அளவில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எவரும் பேசவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பம்பை வண்டியிலிருந்து பிரித்துவிடுங்கள். அதற்குத் தனியாக ஒரு மூடிய பற்றரி வாங்கி, இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்து, காலையில் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். மீதி விளக்குகளையும் சார்ஜரையும் இப்போதுள்ள 7 அம்பியர்-மணி பற்றரியே தாங்கும். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 அம்பியர் பியூஸ், அதன் பின் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் ரிலேயை இயக்குங்கள். எர்த் வயரைச் சட்டத்தில் திருகாமல் பற்றரியின் எதிர்முனைக்கே கொண்டுவாருங்கள். நமது ஈரத்துக்கும் சேற்றுக்கும் சட்டத்துத் திருகு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். ஹோர்ன் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றுகிறவரிடமும், பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைத் திணிக்கிறவரிடமும் வண்டியை விடாதீர்கள். அப்படித் திணித்து இருக்கைக்கடியில் வயர் எரிந்த வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். சில சிறிய வண்டிகளில் முன்விளக்குக்கான மின்சாரம் பற்றரிக்குப் போகாமல் கொயிலிலிருந்து நேரே வருகிறது. அது மாறுமின்சாரம் (ஏ.சி.). அந்த வயரில் எல்.இ.டி. விளக்கைக் கொடுத்தால் துடிக்கும், அல்லது கருகும். கண்டுபிடிப்பது எளிது: இயந்திரத்தை ஓடவிடாமல் சாவியை மட்டும் திறந்து சுவிட்சைப் போடுங்கள். முன்விளக்கு எரிந்தால் பயமில்லை. ஸ்டார்ட் செய்த பின் சற்றுக் கூடுதலாக எரிந்தாலும் பயமில்லை, பற்றரியின் 12.6 வோல்ட் 14 ஆனதால் வந்த வெளிச்சம் அது. எரியாமலே இருந்து, ஸ்டார்ட் செய்ததும் எரிந்து, முறுக்க முறுக்கப் பிரகாசித்தால் சந்தேகம். சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் இயந்திரம் ஓடினால்தான் விளக்கு எரிய வேண்டும் என்று வடிவமைத்த வண்டிகளும் உள்ளன. அப்போது வோல்ட் அளக்கும் மீட்டரை நேர்மின்சாரத்துக்கு (டீ.சி.) திருப்பி, விளக்கு எரியும்போதே அதன் வயரில் அளவிடுங்கள். 13, 14 காட்டினால் அது பற்றரி மின்சாரம். சுழியத்தை ஒட்டியோ தாறுமாறாகவோ காட்டினால் கொயில் மின்சாரம். அந்த வயரைத் தொடாதீர்கள், பற்றரியிலிருந்தே புதிதாக வயர் இழுங்கள்.

எல்லாம் பூட்டிய பின், அனைத்தையும் எரியவிட்டு, இயந்திரத்தை நடுத்தர வேகத்தில் வைத்துப் பற்றரியில் மீட்டரை வையுங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நிம்மதி. 13க்குக் கீழே இறங்கினால் ஒரு விளக்கைக் கழற்றுங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, உடனே நிறுத்துங்கள். தோட்டத்துக்கு வெளியே தார் வீதிக்கு வரும்போது மேலதிக விளக்குகளுக்கு உறை மாட்டுங்கள். 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இப்படிப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும்.