"இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருடத்துக்கு மேலாக சிகரெட் பிடிக்கிறார். கேன்சர் வரும் என்று பயமுறுத்தியும் பார்த்துவிட்டோம். "இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்கிறார். எப்படி விட வைப்பது?

பதில்: முதலில் பயமுறுத்துவதை விடுங்கள். இந்த வயதில் பலருக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: படுக்கையில் விழுந்து, எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். மாடி ஏற முடிகிறதா, பேரப்பிள்ளை பின்னால் ஓட முடிகிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள், அதுதான் நமக்கு வராது.

அவர் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 1951இல் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரின் குழுவினர் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்து, 50 ஆண்டுகள் கவனித்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்களைவிட, 60 வயதில் விட்டவர்கள்கூடச் சராசரியாக 3 ஆண்டு அதிகம் வாழ்ந்தார்கள். ஆனால் அவரை அசைக்கப்போவது இந்தக் கணக்கல்ல, சீக்கிரம் தெரியும் பலன். ஓரிரு நாளில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இறங்கிவிடும். முதலில் இருமல் கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம். சில வாரங்களில் மூச்சிரைப்பு குறையத் தொடங்கும். இழந்த நுரையீரல் பலம் முழுதாகத் திரும்பாது, மேலும் தேயும் வேகம்தான் மட்டுப்படும். இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். நெஞ்சுவலி வந்து வீடு திரும்பிய வாரம், ஆபரேஷனுக்குத் தேதி குறித்த நாள், இப்படிப்பட்ட நேரத்தில் மனசு தானாக இளகும். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே விட்டால் புண் நன்றாக ஆறும், நெஞ்சுச்சளித் தொல்லையும் குறையும்.

சரி, ஒத்துக்கொண்டார் என்றால்? நாற்பது வருடப் பழக்கத்தை வைராக்கியத்தால் மட்டும் விடச் சொல்வது அநியாயம். நிகோடின் சூயிங்கம், ஒட்டும் பேட்ச், சிகரெட் ஆசையைக் குறைக்கும் வெரினிக்ளின் மாத்திரை எல்லாம் உண்டு. எது ஒத்துவரும் என்று மருத்துவர் சொல்வார். பல்செட் கட்டியிருந்தால் கம் ஒட்டிக்கொள்ளும், பேட்ச்தான் வசதி.

பலர் கவனிக்காத ஒன்று: சிகரெட் புகை சில மருந்துகளை உடம்பு வேகமாகக் கரைக்கச் செய்யும். விட்டதும் அதே அளவு மருந்து அதிகமாகிவிடலாம். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஓலன்சாபின், குளோசாபின் எடுப்பவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காபிக்கும் இதே கதைதான். விட்ட பிறகு படபடப்பு, தூக்கமின்மை என்று அப்பா புலம்பினால், அவர் எத்தனை காபி குடிக்கிறார் என்று முதலில் எண்ணுங்கள். பாதியாகக் குறைத்தாலே பலருக்கும் சரியாகிவிடும்.